நான் பிடித்திருந்த கயிறு

கொரோனா முடிந்து பஸ்கள் மறுபடியும் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. மாரி மழை. கல்முனையில் பஸ் ஏறி, காரைதீவுச் சந்தியால் திரும்பி, வயல்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் போனால் நான் வேலை செய்த ஆராய்ச்சி நிலையம் வரும். அதன் பெயர் வேண்டாம். நான் முஸ்லிம் ஊரான மருதமுனையைச் சேர்ந்தவள், மிருக வைத்தியர். அங்கே என் பொறுப்பில் இருந்தவை பன்னிரண்டு பன்றிகள்.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் அந்தப் பெயரையே வாயால் சொல்லமாட்டார்கள். ஹறாங்குட்டி, அதாவது விலக்கப்பட்ட குட்டி, என்பார்கள், அதுவும் யாரையாவது ஏசும்போதுதான். நான் பன்றிகளோடு வேலை செய்கிறேன் என்பது வீட்டில் உம்மாவுக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள் கேட்டால், “ஆடு மாடு சம்பந்தமான ஆராய்ச்சி” என்று உம்மா சமாளித்துவிடுவா.

நான் அந்த வேலையை விரும்பி எடுத்ததற்குக் காரணம் இருந்தது. எரிகாயத்துக்குப் போடும் ஒரு புதுவகைக் கட்டுத்துணியை அங்கே பரிசோதித்தார்கள். மனிதத் தோலுக்கு மிக நெருக்கமானது பன்றியின் தோல். அதனால்தான் பன்றிகள். உம்மாவின் தங்கை, என் சாச்சியின் மகள் சின்ன வயதில் கொதி எண்ணெய் கொட்டி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அவள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. துணி காயத்தில் ஒட்டாமல் இருந்தால் அந்த நோவில் பாதி குறையும். அந்த நினைப்பில்தான் கையெழுத்துப் போட்டேன்.

பன்றிகளை மயக்கி, முதுகில் சிறிய காயங்கள் செய்து, புதுத் துணியால் கட்டியிருந்தோம். வாரத்துக்கு இரண்டு தரம் இரத்தம் எடுக்க வேண்டும். இரத்தம் எடுப்பதற்கு அங்கே வழக்கமாக இருந்த முறை சுருக்குக் கயிறு. பன்றியின் வாய்க்குள் கயிற்றைக் கொடுத்து மேல்தாடையில் இறுக்கி ஒருவர் முன்னால் இழுத்துப் பிடிப்பார். பன்றி பின்பக்கமாக இழுக்கும். அப்படி இழுத்துக்கொண்டு நிற்கும்போது அது அசையாது. கழுத்து நாளத்தில் ஊசியைப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் அந்த நேரம் பன்றி கத்தும். கேட்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. தகரக்கூரை அதிரும். நாங்கள் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கயிறு வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கயிறு இருந்ததால்தான் என்னால் அந்த வேலையையே செய்ய முடிந்தது. நான் கூட்டுக்குள் போகத் தேவையில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு சோடி கையுறையும் முழங்கால் வரை சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஒரு முடி கூட என் மேல் படாமல் வேலையை முடித்துவிடுவேன். ஊசியைக் கூட இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நான் கயிற்றைப் பிடித்த நாட்கள் உண்டு.

கூடுகளைக் கழுவி, தீன் போட, என் வயதுடைய ஒரு பெண் இருந்தா. காரைதீவுக்காரி. நிரந்தர வேலை இல்லை, தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். நான் கல்முனையில் ஏறும் பஸ்ஸில் அவ சந்தியில் ஏறுவா. பக்கத்தில் இடமிருந்தாலும் சில நாள் பின்னால் போய் நிற்பா. நான் கூப்பிட்டால்தான் வந்து இருப்பா. என்னை “மிஸ்” என்பா.

அவ கூட்டுக்குள் போனால் பன்றிகள் ஓடாது. வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருப்பா. ஒவ்வொன்றாக வந்து சப்பாத்தை முகரும், சேலைக்கு மேல் போட்டிருந்த நீலக் கோட்டைக் கடித்து இழுக்கும். அவ காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவா. நான் வந்தால் பன்னிரண்டும் அடுத்த மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதை நான் அவற்றின் குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அவ தயங்கித் தயங்கிச் சொன்னா.

“மிஸ், குறை நினைக்காதீங்க. கயித்தக் காட்டாம எடுக்க ஏலாதா? நீங்க வந்தாலே அதுகள் நடுங்குதுகள். இரத்தம் எடுத்த அண்டைக்குத் தீனும் தின்னாதுகள்.”

முறையை மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொன்னேன். அது பொய். மாற்றலாமா என்று நான் ஒருவரிடமும் கேட்டதே இல்லை.

அந்தச் சம்பவம் நடந்தது ஒரு மழை நாள் காலையில். வழியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததால் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. நாங்கள் இறங்கும்போது நேரம் போய்விட்டது. எடுக்கும் இரத்தத்தைக் கொண்டுபோக பத்து மணிக்கு வாகனம் வரும். அது போனால் அந்த நாளின் மாதிரிகள் வீண். அவ வந்த கையோடு கூடுகளைக் கழுவினா. ஊசி போடும் உதவியாளர் உள்ளறையில் குழாய்களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றோடு போய் நின்றேன்.

“மிஸ், தரை காயட்டும். இன்னும் கொஞ்ச நேரம்.”

“நேரமில்ல. ஆறாம் நம்பர முதல்ல விடுங்க.”

அவ தடுப்புப் பலகையைத் திறந்து ஆறாம் இலக்கப் பன்றியை முன்கூட்டுக்கு அனுப்பினா. அது பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கயிற்றைக் கண்டதும் திரும்பி ஓடப் பார்த்தது. நான் வேலிக்கு மேலால் எட்டி, மூன்றாவது முயற்சியில் சுருக்கை வாயில் மாட்டி இழுத்தேன். அது கத்திக்கொண்டு பின்னால் இழுத்தது. ஈரத் தரையில் பின்னங்கால் இரண்டும் வழுக்கி, ஒரு கால் கழிவுநீர் ஓடும் காணின் மேலிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் போய் மாட்டியது. நான் கயிற்றை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. விட்டால் மறுபடி மாட்ட நேரம் போகும் என்று நினைத்து இன்னும் இழுத்தேன். அந்த நேரம் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. காதில் பஞ்சு இருந்தும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் என் கை கயிற்றை விட்டது. அவ தரையில் இருந்துகொண்டு பன்றியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, சட்டத்துக்குள் இருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தா. நான் வேலிக்கு வெளியே நின்றேன். நான் படித்த படிப்புக்கு, உள்ளே போயிருக்க வேண்டியவள் நான்.

சத்தம் கேட்டுப் பொறுப்பதிகாரி வந்தார். அவர் சிங்களவர், தமிழ் தெரியாது. கெட்ட மனிதரும் இல்லை. ஆனால் அந்த ஆய்வு அவருடைய பல வருட உழைப்பு. முகம் சிவந்துவிட்டது. தரையைக் கழுவிக் காயவிடாமல் இவள் ஏன் பன்றியை விட்டாள் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அவவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்தா.

“தரை காயல்ல எண்டு நான் உங்களிட்டச் சொன்னன்தானே மிஸ்.”

நான் அவர் பக்கம் திரும்பி, சிங்களத்தில், “தரை காயவில்லை என்று சொல்கிறா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ‘உங்களிட்டச் சொன்னன்’ என்ற பகுதியை விட்டுவிட்டேன். திட்டமிட்டு விடவில்லை. வாய் தானாக அந்த இடத்தில் நின்றுவிட்டது. நின்றபிறகு தொடர எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த வாரத்தோடு இவளை நிற்பாட்டிவிட்டு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார் அவர். சரி என்று தலையாட்டினேன்.

அந்தக் காலைச் சரிசெய்ய வழியில்லை. நோவு தெரியாமல் முடித்துவிடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய நல்லது. ஊசியை நான் தயார் செய்தேன். அவ மடியில் இருந்து தலையை எடுக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் சொறிந்தபடி ஏதோ சின்னக் குரலில் கதைத்துக்கொண்டே இருந்தா. பன்றியின் மூச்சு ஆறுதலாகி, ஆறுதலாகி, நின்றது. கடைசி நேரத்தில் அதற்கு என்னைத் தெரிந்திருக்கக் கூடாது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

பின்னேரம் பஸ்ஸில் அவ தானாகவே வந்து என் பக்கத்தில் இருந்தா. அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்கப் போகிறா என்று நினைத்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயலெல்லாம் தண்ணீர். சம்மாந்துறை தாண்டியதும் கேட்டா.

“மிஸ், ஊசி போட்ட நேரம் அதுக்கு நொந்திருக்காதுதானே?”

“இல்ல, நொந்திருக்காது” என்றேன். அவ தலையாட்டிவிட்டு, சந்தியில் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனா.

வீட்டில் நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்ததை உம்மா கண்டுவிட்டா.

“என்ன மகள், மொகம் ஒரு மாதிரி இரிக்கி? அது மேல கீல பட்டுட்டா?”

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“பட்டாலென்ன, மண் போட்டு ஏழு தரம் கழுவினாச் செரிதானே. அதுக்குப் போய் ஏன் இப்பிடி யோசிக்காய்?”

உம்மா ஆறுதலுக்காகத்தான் சொன்னா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு என் மேல் எதுவும் படவில்லை. இரத்தம் படவில்லை, எச்சில் படவில்லை, ஒரு முடி படவில்லை. எதைக் கழுவுவது? மஃரிப் தொழுகைக்கு நின்றபோதும் அந்த எலும்புச் சத்தம்தான் கேட்டது. என் மார்க்கம் என்னை அதைத் தொடவேண்டாம் என்று தடுக்கவில்லை, தொட்டால் கழுவு என்றுதான் சொல்கிறது. அருவருப்பு என்னுடையது. அதற்கு மார்க்கத்தின் பெயரைப் போட்டு, பயத்தில் கத்திய ஒரு உயிரைத் தூர நின்று இழுத்தது நான்தான்.

மறுநாள் காலை நேராகப் பொறுப்பதிகாரியின் அறைக்குப் போனேன். நேற்று நான் மொழிபெயர்த்தது பாதிதான் என்றேன். மீதியைச் சொன்னேன். தரை காயட்டும் என்று அவ சொன்னது, நேரமில்லை என்று நான் சொன்னது, கால் மாட்டிய பிறகும் கயிற்றை விடாமல் இழுத்தது, எல்லாம்.

அவர் கோபத்தோடு, ஆய்வு முடிய எப்படியும் பன்னிரண்டையும் கொல்லத்தானே போகிறோம், இதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்டார். “கொல்லப் போகிறோம் என்றபடியால்தான் சேர்” என்று மட்டும் வாயில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மிருக ஆய்வுகளைக் கண்காணிக்கும் ஒழுக்கநெறிக் குழுவுக்கு அறிக்கை எழுது என்றார்.

என் பெயரைப் போட்டு எழுதினேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் இரத்தம் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்குள் வேறு முறை ஒன்றைக் காட்டாவிட்டால் ஆய்வை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள் குழுவினர். அவவை நிற்பாட்டும் கதை அத்தோடு போய்விட்டது.

நான் அவவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கூடு கழுவிக்கொண்டிருந்தா. “அண்டைக்கு நீங்க சொன்னத நான் அவருக்கு முழுசாச் சொல்லல்ல” என்று தொடங்கினேன்.

“தெரியும் மிஸ்” என்றா. “எனக்குச் சிங்களம் கதைக்க வராது. கேட்டா விளங்கும். கொழும்பில சிங்கள ஆக்கள்ற வீட்டில நாலு வருசம் வேலைக்கு நிண்டனான்.”

“பின்ன ஏன் நீங்க ஒண்டும் சொல்லல்ல?”

அவ தரை தேய்த்த தும்புத்தடியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தா.

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன்.”

அவ்வளவுதான். குத்தல் இல்லை, கோபம் இல்லை. எனக்கு அது எச்சரிக்கைக் கடிதத்தை விடப் பாரமாக இருந்தது.

அடுத்த நாள் நான் கூட்டுக்குள் போனேன். அவ தன் வாளியை எனக்குக் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் தரையில் குந்தினா. பதினொரு பன்றிகளும் மூலையில். ஒரு மணித்தியாலம் நான் சும்மா இருந்தேன். எதுவும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. கயிறு பிடித்த என்னை அவை அவ்வளவு லேசில் மறக்குமா? மூன்றாம் நாள் பூசணித் துண்டுகளைக் கொண்டுபோனேன். நாலாம் நாள் ஒன்று வந்து துண்டைப் பறித்துக்கொண்டு ஓடியது. ஐந்தாம் நாள் அதே பன்றி வந்து நின்று, கையுறைக்கு மேலே என் முழங்கையில் தன் ஈர மூக்கை வைத்து மோந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி முதல் நாளுக்குப் போய்விடுவோம் என்று தெரியும்.

வேலை முடிந்து குழாயடிக்குப் போனபோது அங்கே ஒரு பழைய பால்மாத் தகரத்தில் மண் இருந்தது. சல்லடையால் அரித்த மண்.

“உங்கட ஆக்கள் மண் போட்டுக் கழுவுறதுதானே மிஸ்? எங்கட வீட்டு வளவில எடுத்த நல்ல மண்” என்றா அவ. “முடிஞ்சா நாளைக்கும் கொண்டாறன்.”

நான் அவவிடம் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினேன். எத்தனையாவது தரம் என்று எண்ணுவதை இடையில் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாகிப் போயிற்று.

அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. தரையில் றப்பர் விரிப்பு போட்டோம். காண் சட்டத்துக்கு மூடி அடித்தோம். பன்றி விரிப்பில் ஏறி நின்றால் ஒரு போத்தலில் இருந்து சீனிப்பாணி நக்கலாம் என்று பழக்கினோம். அதை அவை இரண்டு நாளில் படித்துக்கொண்டன, நாங்கள்தான் பிந்தினோம். இனிக் கழுத்தில் இல்லாமல் காதில் இரத்தம் எடுப்பதற்காக, நக்கிக்கொண்டிருக்கும்போது காதைத் தொட்டோம். பிறகு காதில் மரத்துப்போகும் களிம்பைப் பூசினோம். பிறகு ஊசியில்லாத குழாயால் காதை மெல்ல அழுத்திப் பார்த்தோம். ஒன்றை இரத்தம் எடுக்கக் கொண்டுவரும்போது தனியாக விடாமல் கூட இன்னொன்றையும் விட்டோம். பயந்த நாளில் எதையும் செய்யாமல் திருப்பி அனுப்பினோம்.

குழு வந்த நாள் மழை. முதல் பன்றி விரிப்பில் ஏறி நின்றது. அவ போத்தலைப் பிடித்தா. நான் பக்கத்தில் குந்தி, என் கையாலேயே காதைப் பிடித்து ஊசியைப் போட்டேன். அது ஒரு தரம் காதை உதறிவிட்டு மறுபடி பாணியை நக்கியது. பதினொன்றிலும் ஒன்று மட்டும் அன்றைக்கு விரிப்பில் ஏறவில்லை. அதை விட்டுவிட்டோம். முடிந்து நிமிர்ந்தபோதுதான் தகரத்தில் மழை பெய்யும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கொட்டகைக்குள் இரத்தம் எடுக்கும் நாளில் மழைச் சத்தத்தைக் கேட்டது அதுதான் முதல் தரம். பொறுப்பதிகாரி கதவடியில் நின்றார். குழு புது முறைக்குச் சம்மதித்தது. அடுத்த வாரம் சுருக்குக் கயிறுகளை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டுபோய் எரித்தார்.

காயங்கள் ஆறிய விதமும் அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. பயத்தில் இருக்கும் உடம்பில் காயம் மெதுவாகத்தான் ஆறும் என்று நானே படித்துப் பரீட்சை எழுதியவள். அது என் கூட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

ஆய்வு முடிந்த நாளும் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவை ஒவ்வொன்றும் தான் இருந்த கூட்டிலேயே, பழகிய போத்தலில் மயக்க மருந்து கலந்த பாணியை நக்கி, தூங்கிய பிறகுதான் நான் ஊசி போட்டேன். அவ விடுமுறை எடுக்கலாம் என்று சொன்னேன். எடுக்கவில்லை. கடைசி வரை இருந்தா. அந்தக் கட்டுத்துணி இன்னும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, வருமா என்றும் எனக்குத் தெரியாது. வந்தால் யாரோ ஒரு பிள்ளை கொஞ்சம் குறைவாகக் கத்தும்.

இன்றைக்கும் நான் அதே வேலைதான் செய்கிறேன். இப்போது உம்மாவிடம் யாராவது கேட்டால், “அதுகளையும் நோவில்லாமப் பாக்க ஆள் வேணுந்தானே” என்கிறா. கேட்டவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது, அவவுக்கு வேலை நிரந்தரமானது. ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுத உட்காரும்போது என் பேனா ஒரு கணம் நிற்கிறது. நான் எதையாவது விட்டுவிட்டு எழுதினால் இந்த மிருகங்கள் எந்த மொழியிலும் என்னைத் திருத்தப் போவதில்லை, அதனால் முழுவதையும் எழுதும் பொறுப்பு என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்பதை அந்த மழை நாள் இன்னும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.